ராமா மறுவாசிப்பு: பென்சிலும் கால்குலேட்டரும்

ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டேவூ வித் ராமா' வெளிவந்தது 1973-இல். படிக்கிற வயதில் வாசித்துவிட்டு முப்பது வருடம் கழித்து எடுத்தால், முதலில் உறுத்துவது பாத்திரங்கள்தான். ஆய்வுக் குழுவின் தலைவரான கமாண்டர் நார்ட்டன்கூட மனதில் ஒட்டுவதில்லை. அதற்காக மூடி வைத்துவிட வேண்டாம். இந்த நாவலின் நாயகன் ராமா என்கிற அந்த உருளை, சூரியக் குடும்பத்துக்குள் நுழையும் ராட்சத வேற்றுலக விண்கப்பல். அளந்துகொண்டே வாசித்தால் முன்பு கண்ணில் படாமல் போனதெல்லாம் தெரியவரும்.

முதலில் எடை, உருளை சுழல்வதால் உள்ளே இருப்பவர்கள் உணர்வது. வெளி விட்டம் 20 கி.மீ., உள்ளே 16 கி.மீ., ஒரு சுற்றுக்கு 4 நிமிடம். 2π-ஐ 240-ஆல் வகுத்தால் கோண வேகம் நொடிக்கு 0.0262 ரேடியன். அதை வர்க்கப்படுத்தி 8,000 மீட்டரால் பெருக்கினால் 5.5 மீ/நொடி² வரும், அதாவது பூமி ஈர்ப்பில் 0.56 பங்கு. விடை 0.7 என்று வந்தால் வெளி ஆரமான 10 கி.மீ.யைப் போட்டிருக்கிறீர்கள், ஆட்கள் நடப்பது உள்தரையில். அச்சில் எடையே கிடையாது, பாதி வழி இறங்கினால் பாதி எடை. மேலே ஏணியும் கீழே படிக்கட்டும் இருப்பது அதனால்தான்.

அடுத்தது உருளைக் கடல், உள்சுவரைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் நீர் (உருளையின் இரு முனைகள்தான் இங்கே வடக்கும் தெற்கும்). நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அகலம் 10 கி.மீ., வடகரைச் செங்குத்து 50 மீட்டர், தென்கரையில் 500. இந்த அளவுகள் வந்ததும் பக்கத்தைத் திருப்பாமல் காரணத்தை யோசித்துப் பாருங்கள். ராமா வடக்கு நோக்கி முடுக்கினால் நீர் தெற்கே ஏறும். நீர்மட்டம் நடுவை அச்சாக வைத்துச் சாய்வதால் கணக்குக்கு எடுக்க வேண்டியது 5 கி.மீ.; முழு அகலத்தைப் போட்டால் விடை பாதியாகிவிடும். 500-ஐ 5,000-ஆல் வகுக்க, பத்தில் ஒரு பங்கு. உள் ஈர்ப்பில் அந்த அளவு முடுக்கத்தை, சுமார் 0.55 மீ/நொடி², தென்சுவர் தாங்கும். வடசுவர் தாங்குவது அதிலும் பத்தில் ஒன்றுதான். (கடல் ஆழமாக இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது, வடக்கே அடித்தரை வெளியே தெரிந்துவிட்டால் மாறும்.) கப்பல் எந்தத் திசையில் உந்தப்படும் என்பதை ஒரு சுவரின் உயரத்தில் எழுதி வைத்திருக்கிறார் கிளார்க். இப்படி ஒரு துப்பை வேறெந்த அறிவியல் புனைவிலும் நான் பார்த்ததில்லை.

கதையில் வரும் விஞ்ஞானி டாக்டர் பெரேரா, ராமாவுக்குள் புயல் வீசும் என்று தரும் எச்சரிக்கையையும் இதேபோல் சரிபார்க்கலாம். தரையின் சுழல்வேகம் நொடிக்கு 209 மீட்டர். சூடேறிய காற்று அந்த வேகத்தோடு அச்சை நோக்கி எழும்பினால், மெதுவாகச் சுழலும் மேல்காற்றோடு மோதும்.

1989-இல் ஜென்ட்ரி லீயுடன் சேர்ந்து எழுதிய 'ராமா 2' மனிதர்களின் பூசல்களைச் சுற்றிச் சுழல்கிற கதை. அதற்குக் கால்குலேட்டர் தேவைப்படாது.