பத்துக் கேள்விகளைத் தமிழாக்கிய ஓராண்டு

பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சை தொடர்பான முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், ஆய்வேட்டுக்காக நான் எடுத்துக்கொண்ட வேலை கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தெரியும். விழுங்குவதில் சிரமமுள்ளவர்கள் தாங்களே நிரப்பும் ஈட்-10 என்ற வினாத்தாளை முறைப்படி அனுமதி பெற்றுத் தமிழாக்கி, பக்கவாதத்திலிருந்து மீண்டுவருகிறவர்களிடம் அது பயன்படுகிறதா என்று பார்ப்பதே அந்த வேலை. 2008ஆம் ஆண்டு வெளியான அந்த வினாத்தாளில் பத்தே வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பில்லை என்று கொள்ள வேண்டும். பத்து வரியைத் தமிழில் எழுத ஒரு வருடமா என்று என் அப்பா கேட்டார். எனக்கும் தொடக்கத்தில் அதே எண்ணம்தான் இருந்தது.

இத்தகைய மொழிபெயர்ப்புக்கென்று வகுக்கப்பட்ட நடைமுறை ஒன்று உண்டு. இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மருத்துவம் அறியாதவராக இருக்க வேண்டும். இரண்டையும் இணைத்து ஒரே வடிவமாக்கிய பிறகு, மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பொருள் எங்கே நழுவியது என்பது அப்போதுதான் தெரியவரும். மருத்துவம் அறியாதவராக எனக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். அவர் எனக்குச் செய்த உதவியையும், ஒவ்வொரு சொல்லுக்கும் என்னோடு போட்ட சண்டையையும் ஒருங்கே நினைத்துக்கொள்கிறேன்.

முதல் சண்டை ஒன்பதாம் கேள்வியில் வந்தது. சாப்பிடும்போது இருமல் வருகிறதா என்பதே மூலத்தின் கருத்து. மருத்துவம் அறிந்தவர் ‘இருமுகிறேன்’ என்று எழுதினார். ஆசிரியை ‘புரையேறுகிறது’ என்று எழுதினார். நோயாளிகளிடம் வாசித்துக் காட்டியபோது, இருமல் என்றதும் பலர் சளியை நினைத்துக்கொண்டு, அதற்கு மருந்து சாப்பிட்டாயிற்று, இப்போது இல்லை என்றார்கள். புரையேறுதல் என்ற சொல்லோ ஒருவருக்கும் விளங்காமல் இல்லை. ஆனால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டிவிட்டு மறந்துபோகும் காரியத்தை நோய்க்குறியாக எண்ணி மதிப்பெண் கொடுக்க அவர்கள் தயங்கினார்கள். இறுதியில் ‘சாப்பிடும்போது புரையேறி இருமல் வருகிறது’ என்று இரண்டையும் சேர்த்தே வைத்தோம்.

இரண்டாம் கேள்வி, வெளியே சென்று சாப்பிடுவதற்கு இந்தச் சிக்கல் தடையாக இருக்கிறதா என்பது. ஒரு பாட்டி, “நான் எதுக்கும்மா ஓட்டலுக்குப் போகப்போறேன்?” என்று சொல்லி 0 போடச் சொன்னார். பந்தியில் நாலு பேர் முன்னால் இருமல் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஆறு மாதமாக எந்தக் கல்யாணத்துக்கும் அத்தை வரவில்லை என்று பக்கத்திலிருந்த மருமகள் சொன்ன பிறகுதான், நாங்கள் கேட்க வேண்டியது ஓட்டலை அல்ல, பந்தியை என்பது எனக்கு உறைத்தது. பத்தாம் கேள்வியிலிருந்த ‘மன அழுத்தம்’ என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொன்னார்கள். எல்லோர் வாயிலும் புழங்குவது ‘டென்ஷன்’ என்ற சொல்தான். அதை அச்சில் ஏற்ற ஆசிரியை கடைசிவரை இணங்கவில்லை. ‘பதற்றம்’ என்பதில் சமாதானம் ஆயிற்று.

நெறிமுறைக் குழுவிடம் பட்ட பாடு வேறு வகையானது. அஃபேசியா உள்ளவர்களை, அதாவது மூளைப் பாதிப்பால் பேச்சையும் மொழியையும் இழந்தவர்களை, ஆய்வில் சேர்ப்பதில்லை என்று என் திட்டவரைவில் எழுதியிருந்தேன். ஏன் என்று கேட்டுக் குழு அதைத் திருப்பி அனுப்பியது. உண்மையைச் சொன்னால், முந்தைய ஆய்வேடுகளில் அந்த வரி இருந்தது, நானும் அதை எழுதிவிட்டேன், அவ்வளவுதான். பக்கவாதத்தில் பேச்சும் விழுங்குதலும் சேர்ந்தே பாதிக்கப்படுவது அரிதன்று. பேச முடிந்தவர் தன் சிரமத்தை எப்படியும் டாக்டரிடம் சொல்லிவிடுவார். சொல்ல இயலாதவரை விலக்கிவிட்டு இந்த வினாத்தாள் யாருக்கு? அப்போது எரிச்சலாக இருந்தாலும், குழு கேட்டது நியாயமான கேள்வி.

ஆகவே ஒப்புதல் படிவத்தை மீண்டும் எழுதினேன். பக்கத்துக்கு ஒரே செய்தி, பெரிய எழுத்து, அருகில் படம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவரின் கையெழுத்து. அஃபேசியா உள்ளவர்களில் சிலர் ஆம் என்று நினைத்து இல்லை என்று தலையசைப்பதும் உண்டு. போதாததற்கு, நம்முடைய தலையாட்டல் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கே இரண்டு விதமாகப் பொருள்படும். அதனால் தலையசைவை நம்பாமல் சரி, தவறு என்ற குறிகள் உள்ள இரண்டு அட்டைகளை வைத்து, வேண்டுமென்றே தவறான பெயரைச் சொல்லி “இது உங்கள் பெயரா?” என்று முதலில் சோதித்தேன். 0 முதல் 4 வரையிலான மதிப்பெண்களைப் படிக்கட்டாக வரைந்தேன். இவற்றுக்கே மூன்று மாதங்கள் போயின.

விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எக்ஸ்ரே காணொளிப் பரிசோதனையைப் பயன்படுத்தினேன். பேரியம் கலந்த திரவத்தை விழுங்கச் செய்து, அது தொண்டையில் எந்த வழியாக இறங்குகிறது என்று திரையில் பார்ப்போம். சுண்ணாம்புத் தண்ணீர் என்று முகம் சுளிக்காதவர் ஒருவருமில்லை. நன்றாகப் பேசக்கூடிய ஒருவர் பத்துக் கேள்விகளுக்கும் 0 கொடுத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் வந்தார். திரையில் திரவம் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. அவர் ஒருமுறைகூட இருமவில்லை. விழுங்குவது மூச்சுப்பாதைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க 1996இல் வெளியான எட்டுப் படி அளவுகோலில் அது 8, அதாவது மிக மோசமான கடைசிப் படி. தொண்டையின் உணர்வு மழுங்கிவிட்டால் புரையேறினாலும் இருமல் வராமல் போகலாம். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. குறைந்த மதிப்பெண்ணை மட்டும் நம்பி ஒருவருக்கு நீராகாரத்தை அனுமதிக்கக் கூடாது என்று ஆய்வேட்டில் தனியாக எழுதினேன்.

கடைசி வாரத்தில் வந்தவருக்குச் ‘சரி’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. எந்தக் கேள்விக்கும் அதையே சொன்னார். அட்டைகளிலும் சில இடங்களில் தடுமாறினார். ஒன்பதாம் கேள்வியை நான் மெதுவாக வாசித்து முடிப்பதற்குள், வலுவிருந்த இடது கையைத் தூக்கித் தம் உச்சந்தலையில் மூன்று முறை தட்டிக்கொண்டு, படிக்கட்டின் மேல்படியில் விரலை வைத்தார். ஒவ்வொரு வேளையும் இப்படித்தான் என்று அவர் மனைவி சொன்னார். 4 என்று குறித்துக்கொண்டு, வீட்டில் கஞ்சியை எவ்வளவு கெட்டியாகக் காய்ச்சுகிறீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்கத் தொடங்கினேன்.