பழைய டிராக்டர் வாங்கினேன், ஆர்.சி.யைத் திருப்பிப் பார்க்காமல்

மாதவரத்தில் குடியிருக்கும் நான், மீஞ்சூர்ப் பக்கம் உள்ள இரண்டு ஏக்கருக்காக, சோழவரத்துப் பெரியவர் ஒருவரிடமிருந்து 1992ஆம் ஆண்டு மாஸி பெர்குசன் 1035 டிராக்டரை வாங்கினேன். அதன் சிம்ப்சன் இன்ஜின் செம்பியத்துச் சரக்கு என்பதால் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒவ்வொரு போல்ட்டும் பழக்கம். ஆகவே வண்டி பார்த்ததும் முன்பணம் கொடுத்ததும் ஒரே காலையில் முடிந்தன. ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பிப் பார்க்காததற்கு மூன்று மாதம் அலைந்தேன்.

அதில் ஒரு வங்கியின் பெயரில் எச்.பி., அதாவது வண்டிமீது கடன் இருக்கிறது என்ற குறிப்பு, போட்டிருந்தது. கடனை எப்போதோ அடைத்துவிட்டதாகப் பெரியவர் சொன்னது உண்மைதான்; ஆனால் படிவம் 35ஐக் கொடுத்து அதை நீக்காதவரை, 29, 30 ஆகிய படிவங்களில் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் பெயர் மாறாது. கடன் கொடுத்த கிளையோ வேறொரு கிளையோடு இணைந்துவிட்டிருந்தது. அங்கிருந்த எழுத்தர் கணினியைத் தட்டிவிட்டு, "இப்படி ஒரு லோனே இல்லையே சார்" என்றார். அப்படியானால் பாக்கி இல்லை என்று எழுதித் தாருங்கள் என்றேன். இல்லாத லோனுக்கு எப்படி எழுதுவது என்று என்னையே கேட்டார். பெரியவரின் மனைவி டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த கடைசித் தவணை ரசீதை மூன்றாம் முறை சென்றபோது மேசைமேல் வைத்தேன்; அதன் பிறகே பழைய லெட்ஜரை எடுத்து வர ஆள் அனுப்பினார்கள். படிவம் 35இல் உரிமையாளரும் கையெழுத்திட வேண்டும் என்பதை நான் கவனிக்காததால், மறுபடி சோழவரம் போனதில் இன்னொரு நாள் வீணானது.

விவசாய டிராக்டரின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு 2022இல் முடிந்திருந்தது. படிவம் 25உடன் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், தடிமனாக அடித்த சிவப்புப் பெயின்டுக்குள் சேசிஸ் நம்பரில் 3 எது, 8 எது என்றே தெரியவில்லை என்று ஆய்வாளர் திருப்பி அனுப்பினார். வீட்டில் பெயின்டைச் சுரண்டி, வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் உரசியபோது, எண்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்து ஆர்.சி.யோடு பொருந்தின, முதன்முதலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனபோதுகூட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தப் பென்சில் அச்சை எடுத்துவிடுங்கள்.

வண்டி இவ்வளவு படுத்தவில்லை. ஏர் கிளீனர் கிண்ணத்தில் களியாகியிருந்த ஆயிலை மாற்றினேன். டீசல் ஃபில்டரை மாற்றியதும் டீசல் லைனில் காற்று அடைத்துக்கொண்டது. காற்றை வெளியேற்றும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பைக் கையால் அடித்து, நுரை போய் வெறும் டீசல் வந்ததும் சரியானது. ஹைட்ராலிக் மட்டும் கலப்பையைத் தூக்கி நிறுத்த மறுத்தது. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில் என்பதால், கியர் லீவரின் அடியை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கினால் இரண்டுமே கெடும். ஆயில் முழுவதையும் வடித்து மாற்றினேன். பாரிமுனையில் இரண்டு கடை ஏறியும் பூட் கிடைக்காததால், இப்போதைக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி லீவரின் அடியில் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.