ரோட்டவேட்டர் நாட்குறிப்பு

ஜூன் 4

சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை இன்று டிராக்டரில் மாட்டினோம். ஆறடி அகலம், 42 பிளேடு. அண்ணன் டிராக்டரைப் பின்னால் எடுக்க, நான் பக்கவாட்டில் தள்ளி நின்று கை காட்டினேன். இன்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டிய பிறகுதான் இரண்டுக்கும் நடுவில் போனேன்.

டிராக்டரின் பின்னால் கருவியைப் பிடிக்கும் மூன்று கைகளில் முதலில் இடது கீழ் லிங்க், அப்புறம் வலது, கடைசியில் மேலே உள்ள டாப் லிங்க். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எங்கள் டிராக்டரில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வலது பக்கத் தூக்குக் கம்பியில்தான் இருக்கிறது. இடதைக் கோத்துவிட்டால், திருகைச் சுற்றியே வலதை ரோட்டவேட்டரில் உள்ள மாட்டும் முளைக்கு நேராகக் கொண்டுவந்துவிடலாம். மாற்றிச் செய்தால் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டிவரும்.

பிறகு பக்கச் செயின்களை இறுக்கி, ரோட்டவேட்டர் டிராக்டருக்கு நடுவில் வரும்படி செய்தோம். டிராக்டரின் சுழல் முனையான பி.டி.ஓ.விலிருந்து கருவிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டை மட்டும் மாட்டவில்லை. பார்த்தவுடனே நீளம் கூடுதல் என்று பட்டது.

ஜூன் 5

நாள் முழுக்க ஷாஃப்டோடுதான் போனது. வீணான நாள் என்று சொல்ல மாட்டேன்.

ஷாஃப்ட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய்கள். கருவியைத் தூக்கி இறக்கும்போது டிராக்டருக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறும்; அதற்கேற்ப ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும். நீளம் அதிகமானால், தூரம் மிகக் குறைவாகிற இடத்தில் உள்குழாய் போய் அடியில் முட்டும். முட்டினால் அந்த அடி விழுவது கருவியின் கியர் பாக்ஸ் பேரிங்குக்கும் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்குக்கும்தான். நீளம் குறைவானால் இரண்டும் கழன்று, சுழன்றபடி வெளியே வந்துவிடும்.

ஷாஃப்ட் மட்டமாக நிற்கும் உயரத்துக்குக் கருவியைத் தூக்கினோம். அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, இன்ஜினை நிறுத்தினோம். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி யாரும் அருகில் போய்விடாதீர்கள். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை கியர் பாக்ஸிலும் மாட்டி, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தேன். சந்தேகம் சரிதான், இரண்டு அங்குலம் கூடுதல். முனையில் ஓர் அங்குலம் இடைவெளி நிற்கும்படி குறித்து, இரண்டு குழாய்களையும் மேலே உள்ள பிளாஸ்டிக் உறைகளையும் ஒரே அளவு வெட்டினோம். வெட்டிய விளிம்பை அரம் போட்டு, கிரீஸ் தடவிச் சேர்த்தோம். பிறகு கருவியை மேலும் கீழும் நகர்த்தி, எந்த நிலையிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் குழாய்கள் கோத்து நிற்கின்றனவா என்று பார்த்தோம்.

சேர்க்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஷாஃப்டின் மடங்கும் மூட்டுகளில், குழாய்ப் பக்கம் உள்ள இரண்டு உள்முனைக் கவைகளும் (Y வடிவப் பிடிகள்) ஒரே திசையில் இருக்க வேண்டும். மாறிப் போனால் அதிர்வு தாங்காது.

ஜூன் 6

கியர் பாக்ஸ் ஆயில், ஷாஃப்ட் மூட்டுகளின் குறுக்கு பேரிங்குகளுக்கு கிரீஸ். ஷாஃப்ட் உறை சுழலாமல் இருக்கச் செயினை மாட்டினேன். உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று. வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால் கையெடுக்க நேரம் கிடையாது.

ஜூன் 8

முதல் ஓட்டம். பிளேடுகள் மாட்டிய ரோட்டரை மண்ணுக்குச் சற்று மேலே வைத்து, குறைந்த வேகத்தில் பி.டி.ஓ.வைப் போட்டு, சுற்று முழு வேகத்துக்கு வந்ததும் நகர்ந்தபடி இறக்க வேண்டும். சுற்றாத பிளேடை மண்ணில் குத்திவிட்டுப் பி.டி.ஓ. போட்டால் ஏதாவது ஒன்று உடையும்.

பத்தடி ஓடியதும் இறங்கிப் பார்த்தேன். வலது பக்கம் ஆழம் கூடுதல். திருகைச் சுற்றி வலதைத் தூக்கினோம். கியர் பாக்ஸ் முன்பக்கம் சாய்ந்திருந்ததால், ஷாஃப்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாகும் வரை டாப் லிங்கை நீட்டினேன். இதற்குப் பிறகும் ஒரு நடுக்கம் இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு பிளேடு திரும்பி மாட்டப்பட்டு, கூர் விளிம்புக்குப் பதில் முதுகு மண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. மாற்றினோம், நடுக்கம் போய்விட்டது.

ஜூன் 9

இரவில் மழை. வயலில் இறங்கவில்லை.

ஜூன் 12

நான்கு அங்குல ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்தேன். உருண்டையானது, இடுப்பு உயரத்திலிருந்து விட்டதும் உதிர்ந்தது. இதுதான் பதம். நேற்று எடுத்த உருண்டை உதிராமல் சப்பையாக ஒட்டிக்கொண்டது. அந்த ஈரத்தில் ஓட்டியிருந்தால், மேலே புழுதி மாதிரி தெரியும். அடியில் பிளேடு மண்ணைப் பூசி இறுக்கிவிட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு பருவமும் அதே ஆழத்தில் ரோட்டவேட்டரை மட்டுமே ஓட்டினால் வேரும் தண்ணீரும் இறங்காத தட்டு உருவாகிவிடும். அதை உடைக்க அப்புறம் உளிக் கலப்பைதான் வேண்டும்.

ரோட்டவேட்டரின் பின்பலகையை இறக்கி ஓட்டியபோது மண் மாவாக வந்தது. அவ்வளவு நைசு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மழையில் மேல்மண் ஏடு கட்டிக்கொள்ளும். பலகையைச் சற்றுத் தூக்கி, ஒரு கியர் கூட்டச் சொன்னேன். "இது போதுமா தம்பி?" என்றார் அண்ணன். நெல்லிக்காய் அளவுக் கட்டிகள், நடுவே பொடி மண். "போதும் அண்ணா, இப்படியே போங்க."

திருப்பங்களில் ஒவ்வொரு முறையும் தூக்கித்தான் திருப்பினோம். மாலையில் இன்ஜினை நிறுத்தி, பிளேடு போல்ட்களில் ஸ்பேனர் போட்டுப் பார்த்ததில் ஐந்து போல்ட்கள் கால் சுற்று அளவுக்குத் திரும்பின. மீதியைக் காலையில் பார்க்க வேண்டும்.