குசினியில் பொற்றாசியம்

அப்பாவின் சிறுநீரக வருத்தத்துக்குக் கிளினிக்கில் தந்த உணவுத்தாள், போட்டோக்கொப்பிக்குப் போட்டோக்கொப்பி எடுத்தது. ஸ்ட்ரோபெரி நல்லது, அவகாடோ கூடாது என்று பாதி எழுத்து அழிந்து கிடந்தது. முருங்கையிலை, இராசவள்ளி, ஒடியல் மா, பலாக்கொட்டை என்று யாழ்ப்பாணத்துக் குசினியில் புழங்குகிற ஒன்றின் பெயரும் அதில் இல்லை. ‘உப்பைக் குறைக்கவும்’ என்றிருந்தது; எவ்வளவுக்கு என்று இல்லை. அதைக் கேட்க உணவு ஆலோசகரிடம் போனால், பதிவு மேசையில் இருந்தவர் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, கடைசி இரத்த ரிப்போட் ஒட்டியில்லை, ஒட்டிக்கொண்டு வாங்கோ என்று திருப்பிவிட்டார். ரிப்போட் கையில்தான் இருந்தது. பசை இருக்கவில்லை. அந்த நாள் அதோடு போய்விட்டது.

போகிறவர்கள் கிரியற்றினின் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறதென்று காட்டுகிற எண்), பொற்றாசியம், பொஸ்பரஸ் மூன்றும் உள்ள ரிப்போட்டை முதலே கொப்பியில் ஒட்டுங்கள். ஒரு பிரதியும் பையில் இருக்கட்டும். அதைவிட உதவுவது, நோயாளி மூன்று நாள் சாப்பிட்டதை அளவோடு எழுதிக்கொண்டு போகிற தாள். ‘என்ன சாப்பிடலாம்?’ என்று கேட்டால் ‘எல்லாம் அளவோடை’ என்றுதான் பதில் வரும். ‘காலமை ஐந்து இடியப்பம், சொதி, சம்பல், மத்தியானம் சோறு, பருப்பு, கீரை, மீன் குழம்பு. இதிலை எதை எடுக்கிறது?’ என்று கேட்டால், ஆலோசகர் பேனாவை எடுத்து வெட்டத் தொடங்குவார்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீரக வருத்தம் என்றவுடன் எல்லோரும் பொற்றாசியத்தைக் குறைக்கத் தேவையில்லை. இரத்தத்தில் லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை பொற்றாசியம் இருப்பது சாதாரணம். அதற்குள் நிற்கிறவருக்குக் காய்கறி, பழத்தை வெட்டினால் மலச்சிக்கலும் சத்துக்குறைவும்தான் மிச்சம். அப்பாவுக்கு 5.8 இருந்தது. ஆகவே கீழே வருவதெல்லாம் அந்த எண்ணுக்கான சமையல். உங்கள் ரிப்போட்டில் வேறு எண் இருந்தால் இது உங்களுக்கானதில்லை.

இந்தச் சமையலில் கஷ்டம் என்னவென்றால், ஊரில் ‘உடம்புக்கு நல்லது’ என்று பெயரெடுத்த பலதும் இங்கே எதிரி. முருங்கையிலை, கீரை, வாழைக்காய், கிழங்கு வகை, பயறு, இளநீர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இளநீர் ஒரு கிளாஸில், அதாவது 240 மி.லீ.யில், ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கிறது. சுகம் விசாரிக்க வருகிறவர்கள் குலையோடு கொண்டுவருவதும் அதைத்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது வெளிநாட்டிலிருந்து வந்தது. கனடாவில் இருக்கிற சொந்தங்கள் பாசத்தோடு அனுப்புகிற ‘லோ சோடியம்’ உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்தான் கலந்திருக்கும். பிரஷர் மட்டும் உள்ளவருக்கு அது உதவலாம். பொற்றாசியம் ஏறியிருக்கிற சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. இதயத்துடிப்பைக் குழப்பும், அதுவும் பல வேளை முன்னறிகுறி எதுவும் இல்லாமல். டப்பாவின் பின்பக்கத்தில் பொற்றாசியம் என்ற சொல் இருந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். பக்கற் சூப், சூப்புக்கட்டி, கடைக் கறித்தூள் என்று பின்பக்கம் வாசிக்கவேண்டியவை இன்னும் இருக்கின்றன.

இனி உப்புக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உப்பைப் போத்தலில் கரைத்து வைத்து, கையளவில் ஊற்றுவது வழக்கம். அடியில் உப்புக் கரையாமல் கிடக்கிற அளவுக்கு உறைப்பான உப்புத்தண்ணி என்றால், ஒரு தேக்கரண்டிக்குள்ளேயே ஒன்றரைக் கிராம் உப்பு இருக்கும். குழம்புக்கு இரண்டு, பால்கறிக்கு ஒன்று, புட்டு மாவுக்கு ஒரு தெளிப்பு என்று போனால், யார் வயிற்றுக்குள் எவ்வளவு போனதென்று கடவுளுக்கும் தெரியாது. கல்லுப்பும் அதே வில்லங்கம்தான். கல் பெரிதாக இருந்தால் கரண்டியில் குறைவாக நிற்கும், சிறிதாக இருந்தால் கூட நிற்கும்.

சரிவந்த வழி இதுதான்: சட்டியில் உப்பே போடுவதில்லை, முழு வீட்டுக்கும். ஒரு சின்னப் போத்தலில் ஒவ்வொரு நாள் காலையும் தூளுப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி, ஏறக்குறைய 3 கிராம், அப்பாவுக்கென்று எடுத்து வைக்கிறது. கோப்பையில் கறி விழுந்த பிறகு அதிலிருந்து அவரே தூவிக்கொள்வார். போத்தல் முடிந்தால் அன்றைக்கு முடிந்தது. மிச்சக் கிராம்கள் பாணுக்குள்ளும் மீனுக்குள்ளும் தானாகவே இருக்கின்றன. மேலே தூவிய உப்பு நேரே நாக்கில் படுவதால், குழம்புக்குள் கரைந்துபோன அதே அளவைவிட உறைப்பாகத் தெரியும். மற்றவர்களுக்கு மேசையில் தனி உப்பு.

முதல் சில கிழமைக்குப் புறுபுறுப்பு வரும். நாக்கு பழகும்வரை தாங்கிப்பிடிப்பது புளிப்பும் வறுத்த வாசமும். தேசிக்காய், மிளகு, வறுத்துப் பொடித்த சீரகம், தாளித்த செத்தல் மிளகாய் இவற்றைக் கூட்டுங்கள். தக்காளியைக் கூட்டாதீர்கள், அதிலும் பொற்றாசியம் உண்டு. மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம், கருவாடு நான்கும் வெளியே. கருவாட்டை ஊறவைத்துப் பிழிந்தாலும் உப்புப் போதுமான அளவுக்கு இறங்குவதில்லை. மோர்மிளகாய் இல்லாமல் சோறு இறங்காது என்கிறவருக்குச் செத்தல் மிளகாயைச் சொட்டு எண்ணெயில் கருகாமல் வாட்டிக் கொடுங்கள். கடிக்கிற சத்தமாவது இருக்கும்.

காய்கறி விஷயத்தில்தான் கூடுதலான நேரம் வீணாகிறது, ஏனென்றால் ‘வெட்டித் தண்ணியில் ஊறப்போட்டால் பொற்றாசியம் போய்விடும்’ என்று சொல்கிறவர்கள் அதிகம். வெறுமனே ஊறப்போட்டால் பெரிதாக ஒன்றும் போகாது. அவிக்க வேண்டும், அந்தத் தண்ணியை ஊற்ற வேண்டும். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிய துண்டாக வெட்டி, ஒரு சுண்டு துண்டுக்குப் பத்துச் சுண்டு தண்ணி என்ற கணக்கில் கொதிக்கவிட்டு வடித்தால் ஏறக்குறையப் பாதி இறங்கும். துண்டு சிறிதானால் இன்னும் இறங்கும். பாதி வெந்ததும் வடித்து, புதுத் தண்ணியில் திரும்ப அவிப்பது இன்னும் நல்லது. முழுக்கிழங்காக அவித்துப் பிறகு தோல் உரித்தால் பலன் இல்லை. பிரஷர் குக்கரில் கொஞ்சத் தண்ணியோடு வைத்தாலும், ஆவியில் அவித்தாலும் சத்துப் போகாது என்பார்கள். உண்மைதான், பொற்றாசியமும் போகாது.

வடித்த தண்ணியைச் சொதிக்குள் ஊற்ற அம்மாவின் கை தானாகப் போகும். ‘சத்தெல்லாம் சிங்கிலை போகுதே’ என்ற முறைப்பாட்டுக்கு ஒரே பதில், ஒடியல் மாவை நாங்கள் ஏன் ஊறப்போட்டுத் தண்ணியை மாற்றி மாற்றி வடிக்கிறோம் என்பதுதான். கயர்ப்பும் கூடாததும் தண்ணியோடு போகட்டும் என்றுதானே? அதே வேலை. ஆனால் கூழ் மட்டும் அப்பாவுக்குத் தள்ளிவைத்தது. மரவள்ளி, பயத்தங்காய், பலாக்கொட்டை, இறால், நண்டு எல்லாம் இறங்கி, ஒரு சொட்டும் வடிக்காமல் குடிப்பதல்லவா கூழ்.

கீரையை இப்படி அவித்துப் பிழிந்து வறை செய்தால் வைக்கோல் மாதிரித்தான் இருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல், தொடக்கத்திலேயே பொற்றாசியம் குறைந்த காய்களை வாங்குவது புத்தி. திருநெல்வேலிச் சந்தையில் எந்த நாளும் கிடைப்பவைதான்: புடலங்காய், பீர்க்கங்காய், கோவா, போஞ்சி, கெக்கரி. கத்தரிக்காயும் அளவோடு ஓடும். கோவாவை நூலாக அரிந்து, கொதிதண்ணியில் ஒரு புரட்டுப் புரட்டி வடித்து, கடுகு, செத்தல் மிளகாய், மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவோடு வறுத்து, இறக்கித் தேசிக்காய் விட்டால் உப்பில்லாத குறை தெரியாது. அப்பா இரண்டாவது தரம் கேட்டு வாங்கிய முதல் கறி அது.

சொதியை விடவேண்டியதில்லை. சின்ன வெங்காயம் ஐந்தாறு, பச்சைமிளகாய் இரண்டு, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள், கறிவேப்பிலை இவற்றை ஒரு கோப்பைத் தண்ணியில் வெங்காயம் மசியும்வரை அவியுங்கள். இரண்டாம் பால் அரைக் கோப்பை விட்டு, விளிம்பில் நுரை கட்டும்போது இறக்குங்கள். முதற்பால் வேண்டாம். தேசிப்புளியை அடுப்பில் வைத்து விட்டால் திரைந்துவிடும். இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு விடுங்கள். தண்ணிக்கு அளவு சொல்லப்பட்டவருக்குச் சொதி, தேத்தண்ணி, கஞ்சி மூன்றும் தண்ணிக் கணக்கில் சேரும். இதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

புரதத்தில் ஆளாளுக்குக் கணக்கு வேறு. டயலிசிஸ் தொடங்காதவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம், டயலிசிஸ் செய்கிறவருக்கு அதைவிடக் கூட, 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ உள்ள, டயலிசிஸ் இல்லாத ஒருவர் 48 கிராமைத் தாண்டக்கூடாது என்று வையுங்கள். பாசையூரில் வாங்குகிற மீனில் 100 கிராம் சதை 20 கிராமைத் தந்துவிடும், ஒரு முட்டை 6 கிராம். சோறு, இடியப்பத்துக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. மீனை உப்புப் போட்டு உரசிக் கழுவுகிற பழக்கத்தைத் தேசிக்காயால் மாற்றுங்கள்.

சிக்கல் வந்தது நல்லூர்த் திருவிழாவோடு. 25 நாளும் வீடு சைவம். மீனுக்குப் பதிலாகப் பருப்பு, கடலை, சோயா என்று போனால், ஒரு கோப்பை அவித்த பருப்பில் 18 கிராம் புரதத்தோடு 700 மில்லிகிராம் அளவுக்குப் பொற்றாசியமும் வரும். மீனில் அதே புரதத்துக்கு அதில் பாதிதான். அந்த நாட்களில் பருப்பை ஊறவைத்துத் தண்ணியை ஊற்றி, நிறையத் தண்ணியில் அவித்து வடித்து, அரைக் கோப்பையோடு நிறுத்தினோம். சோயாமீற்றைக் கொதிதண்ணியில் ஊறவிட்டு இரண்டு மூன்று தரம் பிழிந்தோம். பக்கற்றுக்குள் வருகிற மசாலாப்பொட்டலம் நேரே குப்பைக்கு, முழுக்க உப்பு. விரதம் முடித்து இளநீரும் வாழைப்பழமும் என்பது இவருக்கு இல்லை.

பழத்தில் அன்னாசி, அப்பிள் சின்னத் துண்டுகளாகப் போகும். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் முழுப்பழம் இல்லை, ஒரு துண்டு. வளவில் தமரத்தை (ஸ்டார் ஃபுரூட்) மரம் நிற்கிறவர்கள் கவனம்: ஐந்து மூலைக் காயான அதில் உள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே வரலாம். ஒரு துண்டும் கூடாது, சாறும் கூடாது.

அடுத்த ரிப்போட்டில் 4.9. அதற்கடுத்ததில் சாப்பாடு ஒன்றும் மாறாமலே 6.1 என்று வந்தது, வீடே கலங்கிவிட்டது. அன்றைக்கே வைத்தியரிடம் காட்டியதில் திரும்ப இரத்தம் எடுக்கச் சொன்னார், 4.8. குழாய்க்குள் செங்குருதிக் கலங்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கிற பொற்றாசியம் வெளியே வந்து எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். எடுத்த மாதிரி நேரம் கடந்து கிடந்தாலும், எடுக்கும்போது கையை இறுக்கி இறுக்கி விரித்தாலும் எண் அப்படிப் பொய்யாக ஏறும். திடீரென்று கூடிய எண்ணைப் பார்த்தால் பொய் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். மாதிரி திரும்ப எடுக்கவேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். ரிப்போட்டைக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு போங்கள்.