பட்டன் டவுன் கொலர் தைத்துப் பார்க்கிறேன்

கொலர் ஒருவழியாக வளைந்து நிற்கிறது. பட்டன் டவுன் சேர்ட்டில் பெரிய வேலையே அதுதான். கொலரின் இரண்டு நுனிகளையும் சின்னப் பட்டன் நெஞ்சோடு பிடித்திருக்கும்; ஆனால் கொலர் தட்டையாகப் படுத்துவிடக் கூடாது, நடுவில் மெல்லப் புடைத்து வளைய வேண்டும்.

முதல் கொலருக்கு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் கன்வஸை (விறைப்புக்காக உள்ளே வைக்கும் துணி) வைத்தேன். அட்டை மாதிரி விறைத்து நின்றது. இரண்டாவதற்கு ஒட்டாத மெல்லிய பருத்தித் துணியை வைத்து, மேல்துணியைக் கீழ்த்துணியைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டினேன். நுனி 8.5 சென்ரிமீற்றர். கொலரைத் தட்டையாக இழுத்துவிட்டால் நுனி விழும் இடத்துக்கு அரை சென்ரிமீற்றர் மேலே பட்டன். மிஞ்சும் துணிதான் வளைவாகிறது.

துணி வெளிர்நீல ஒக்ஸ்ஃபோர்ட், கொஞ்சம் தடித்த பருத்தி நெசவு. வெட்டுவதற்கு முன் நனைத்துச் சுருங்கவிட வேண்டும். இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் மழையில் அது எங்கே காயும்? அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைத்தேன்.

கை இன்னும் தைக்காமல் தொங்கிய சேர்ட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: "என்ன தம்பி, ஒஃபிஸ்ல வேலை கெடச்சிருச்சா?"

அவர் அப்படித்தான் கேட்பார். தேயிலைத் தோட்டத்தில் கொலர் வைத்த சேர்ட் என்றால் கிளாக்கர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை மாதிரி உத்தியோகக்காரர்கள்தான். மற்றவர்களுக்கு அது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான். உடுப்பை வைத்து ஆளை அளக்கும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

இந்தக் கொலரோ விளையாட்டு மைதானத்தில் பிறந்தது. இங்கிலாந்தில் போலோ ஆடியவர்கள், குதிரை ஓடும்போது கொலர் முகத்தில் அடிக்காமலிருக்க அதைப் பட்டனால் பிடித்துவைத்தார்கள். 1896இல் ஜோன் புரூக்ஸ் அதைப் பார்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார் என்று அவருடைய குடும்பத்தின் பெயர் கொண்ட அமெரிக்க உடுப்புக் கம்பனி புரூக்ஸ் பிரதர்ஸ் சொல்கிறது. 1950களில் அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் விரும்பிப் போட்டார்கள். அப்புறம் மேலதிகாரி சொல்லைத் தட்டாத ஒஃபிஸ்காரர்களின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. ஆனால் 1960களில் லண்டனில் நாகரிக உடுப்பில் மோகம் கொண்ட 'மொட்' கூட்டத்து இளைஞர்கள் அதே சேர்ட்டைத் தங்கள் மிடுக்குக்காகப் போட்டுத் திரிந்தார்கள். அடக்கமும் பணிவும் துணியில் இல்லை, பார்க்கிறவர்கள் ஏற்றிவைப்பதுதான்.

அடுத்தது கை. இந்தச் சேர்ட்டை மரக்கறித் தோட்டத்துக்குத்தான் போட்டுப் போகப்போகிறேன். லீக்ஸ் பாத்தியில் குனியும்போது முழங்கைக்கு மேலே மடித்துவிட வேண்டும். அதனால் சேர்ட்டின் கையை வழக்கத்தைவிட ஒரு அங்குலம் அகலமாக வெட்டியிருக்கிறேன்.