கட்-ஆஃப் 97.5

2016-ல் பிளஸ் டூ மார்க் வந்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. 200-க்குக் கணிதத்தில் 92, இயற்பியலில் 96, வேதியியலில் 110. கணிதத்தில் பாதி, மற்ற இரண்டிலும் கால் பங்கு என்று கூட்டிப் பார்த்தால் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200-க்கு 97.5.

எங்கள் வீடு களியக்காவிளை. நாலு எட்டு வைத்தால் கேரளம். பாறசாலையில் இருக்கும் மாமா மகன் அங்கே எண்ட்ரன்ஸ் எழுதினான். அந்த ரேங்கிலும் பிளஸ் டூ மார்க் பாதி சேரும் என்பதால் அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. இங்கே கலந்தாய்வுக்குத் தகுதி இருந்தது. ஆனால் கடைசிச் சுற்றில் மிஞ்சுகிற இடத்தில் சேர எனக்கு மனமில்லை. ஓர் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து மேனேஜ்மெண்ட் சீட் வாங்கித் தருவதாகச் சொன்னார். அப்படிச் சேர்ந்தால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடைக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் டிகிரி முடித்ததில்லை. அந்தச் சலுகையை விட்டிருந்தால் அப்பா கடனில்தான் முழுகியிருப்பார்.

பள்ளியில் இயற்பியல் எடுத்த டீச்சர்தான் வழி காட்டினார். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடம் டிப்ளமோ, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. நான்கு வருடப் படிப்புக்கு ஐந்து வருடம் ஆகும், அவ்வளவுதான். அந்தச் சேர்க்கைக்கு டிப்ளமோ மார்க்தான் கணக்கு, பிளஸ் டூ மார்க்கை யாரும் கேட்க மாட்டார்கள். எலக்ட்ரிகல் எடுத்தேன். தினமும் விடிகாலை பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு. மோட்டாரைக் கையால் பிரித்துப் பார்த்தபோதுதான், பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரங்கள் எதற்கு என்று விளங்கியது. 86 சதவீதத்தோடு வெளியே வந்தேன். 2018-ல் காரைக்குடியில் கலந்தாய்வு. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் ட்ரிபிள்-இ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) கிடைத்தது, சலுகையோடு.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். மூன்றாம் செமஸ்டரில் 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ்' என்று ஒரு கணிதப் பேப்பர். மற்றவர்கள் முதல் வருடத்தில் எம்-1, எம்-2 என்ற இரண்டு கணிதப் பேப்பர்களை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். நாங்கள் அந்த இரண்டையும் தொடாமலே ஃபூரியர் தொடருக்கு முன்னால் உட்கார்ந்தோம். எனக்கோ பிளஸ் டூ இன்டெக்ரேஷனே தகராறு. அரியர் விழுந்தது. லேட்டரலில் வருகிற பலருக்கு இதே பேப்பர்தான் முதல் அரியர், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்த லீவில் பழைய பிளஸ் டூ புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, இன்டெக்ரேஷன் கணக்குகளை ஒன்றுவிடாமல் போட்டேன். பள்ளியில் தப்பித்த அதே பாடம். அடுத்த முறை எழுதி பாஸ் ஆனேன். 2021-ல் பட்டம்.

தம்பி இந்த வருடம் பத்தாம் வகுப்பு முடித்தான். அவனுக்கும் கணக்கு வராது, ஆனால் மிக்சியைக் கழற்றி மாட்டிவிடுவான். பத்து முடித்ததும் மூன்று வருட டிப்ளமோவில் சேர்த்தால் என் வழியைவிட ஒரு வருடம் மிச்சம். விண்ணப்பம் போட்டாயிற்று. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், இரண்டு பேரும் கணக்கோடு உட்காருகிறோம்.