வரிசை குறைந்த நாட்கள்

30 மார்ச் 2020

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள். வழக்கமாக நிற்கக்கூட இடம் இருக்காது. இன்று பாதி நாற்காலி காலி. "கூட்டம் இல்லாதது நல்லதுதான் சிஸ்டர், தொற்று பரவாது" என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன். சாயங்காலம் பதிவேட்டைப் புரட்டினால், வந்தவர்கள் அத்தனை பேரும் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்கள்.

9 ஏப்ரல்

இனிப் பாதி செக்கப் போனில்தான். பக்கத்திலேயே இருக்கும் ஒருவர் பிபி கருவி வாங்கி, காலையும் மாலையும் அளவைச் சொல்கிறார். அப்புறம் தொலைவிலிருந்து ஒருவர், எட்டாம் மாதம்: "தலைவலி விடவே மாட்டேங்குது சிஸ்டர், முகமும் வீங்கியிருக்கு." பிபி பார்த்தீர்களா என்று கேட்டேன். எங்கே பார்ப்பார், பாவம்! அவர் ஊரில் இருந்த நர்ஸைக் கொரோனா வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கர்ப்ப காலத்தில் பிபி ஏறி வலிப்பு வரை போகும் நோயோ என்று பயம். அதற்குச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும்; போனில் பார்க்க முடியுமா? உடனே கிளம்பி வாருங்கள் என்றேன். சொல்வது சுலபம். பஸ் ஓடவில்லையே.

11 ஏப்ரல்

வந்துவிட்டார், ஒன்றரை நாள் கழித்து. பிபி 170/110. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டோம். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். கை நடுக்கம் எனக்குத்தான் நிற்கவில்லை.

24 ஏப்ரல்

உகாண்டாவில் தனியார் வண்டிகளுக்குத் தடை. பிரசவத்துக்குப் போகவும் அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம். இப்போது கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். அதற்குள் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது?

14 ஆகஸ்ட்

நேபாளத்தில் ஒன்பது மருத்துவமனைகளைப் பற்றிய ஆய்வு வந்திருக்கிறது. ஊரடங்கில் அங்கே நடந்த பிரசவங்கள் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டன. இறந்து பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 14 ஆக இருந்தது 21 ஆகியிருக்கிறது. இது மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை யார் எண்ணினார்கள்?

4 ஏப்ரல் 2021

17 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தாய் இறப்பும் குழந்தை இறந்து பிறப்பதும் கூடியிருக்கின்றன. பணக்கார நாடுகளிலோ குறைப்பிரசவம் சற்றுக் குறைந்திருக்கிறது. அதே ஊரடங்குதான்! படித்ததும் எரிச்சலாக வந்தது.

நாளை பரிசோதனை நாள். போன வருடம் பாதியில் நின்றுபோனவர்களின் எண்களைத் தனியாக எழுதி வைத்து, இன்று ஒவ்வொன்றாக அழைத்தேன். பலவற்றில் மணியே அடிக்கவில்லை.